கிளையில என்ன தொங்குது?

அடுத்த தடவை கேன்டீன்ல சாஸ் பாட்டில் கைக்கு வந்தா, முன்னாடி இருக்கிற தக்காளிப் படத்தை விட்டுட்டுப் பின்னாடி திருப்பிப் பாருங்க. தண்ணீர், தக்காளி பேஸ்ட், சர்க்கரை, உப்பு என்று போகிற பட்டியலில், பல பாட்டில்களில் ஒரு நாலு இலக்க எண் ஒளிஞ்சிருக்கும்: 1422. சூப் பாக்கெட், மயோனைஸ், ரெடிமேட் கிரேவி என்று தேடினால் 1412, 1442, 1450 என்று அதன் சொந்தக்காரங்களும் கிடைப்பாங்க.

இந்த எண்களை வைத்து எல்லார் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் மாதம் ஒரு ஃபார்வர்டாவது வரும். "இந்த நம்பர் இருந்தால் வாங்காதீர்கள், கெமிக்கல்!" மெக்கானிக்கல் பசங்ககிட்ட மிக்ஸி ரிப்பேர் கேட்கிற மாதிரி, கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற எங்ககிட்ட உடனே கேள்வி வரும்: "இதைச் சாப்பிடலாமா, கூடாதா?"

"சாப்பிடலாம்"னு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிடலாம். ஆனால் அந்தப் பதில் ஏன் சரி, எந்த இடத்தில் அதே பதில் தப்பாகிடும் என்பது தெரியலைன்னா, நாம சொல்றதும் இன்னொரு ஃபார்வர்டுதான். அதனால கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். வேற டிபார்ட்மென்ட் ஆட்களும் தைரியமா வரலாம்; பிளஸ் டூ கெமிஸ்ட்ரி போதும்.

முதல்ல அந்த மரம்

1422 என்பது மாவுச்சத்து. அதாவது ஸ்டார்ச். மக்காச்சோளத்தில் இருந்தோ மரவள்ளிக் கிழங்கில் இருந்தோ எடுத்து, அதில் இரண்டு சின்ன ரசாயன மாற்றங்களைச் செய்திருப்பாங்க. மரவள்ளின்னா நமக்குச் சேலம் பக்கம்தான் ஞாபகம் வரணும். சேலம், நாமக்கல், தருமபுரி பகுதியில் அதுக்குக் குச்சிக்கிழங்குன்னு பேர். அங்கே கிழங்கை அரைத்து, பாலை வடித்து, படிய வைத்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் செய்கிற ஆலைகள் 1940-களில் இருந்தே இருக்கு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

எந்தச் செடியில் இருந்து எடுத்தாலும் சாதாரண ஸ்டார்ச்சுக்குள் இரண்டு பாலிமர்கள் இருக்கும். இரண்டுமே குளுக்கோஸ் மணிகளைக் கோர்த்த மாலைகள். ஒன்று அமைலோஸ்: கிட்டத்தட்ட நேர்க்கோட்டு மாலை. இன்னொன்று அமைலோபெக்டின்: சுமார் 25 குளுக்கோஸுக்கு ஒரு இடத்தில் கிளை பிரியும், அந்தக் கிளையில் இன்னொரு கிளை பிரியும். மரவள்ளி ஸ்டார்ச்சில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இந்தக் கிளை பாலிமர்தான். எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம் என்பதால் "பிராஞ்ச்டு பாலிமர்"னு கேட்டா எனக்கு ரெண்டு மார்க் பதில்தான் ஞாபகம் வரும். "கிளை"ன்னு தமிழில் யோசிச்ச பிறகுதான் அது மரமாத் தெரிஞ்சது. இந்த விஷயத்துக்கு அந்தப் படம்தான் வசதி.

எவ்வளவு பெரிய மரம்னு ஒரு கணக்குப் போடலாம். அமைலோபெக்டினின் மூலக்கூறு எடை 1 கோடியில் இருந்து 100 கோடி வரை போகும். நடுவில் 10 கோடின்னு வெச்சுப்போம். மாலையில் ஒரு குளுக்கோஸ் மணியின் எடை 162. வகுத்தால் ஒரே மூலக்கூறில் சுமார் 6 லட்சம் மணிகள். 25-க்கு ஒரு கிளைன்னா ஏறத்தாழ 25,000 கிளை நுனிகள். ஒவ்வொரு மணியிலும் பெரும்பாலும் மூன்று ஓ.எச். குழுக்கள் சும்மா நிற்கும். அதாவது எதையாவது மாட்டுவதற்கு ஒரே மூலக்கூறில் 18 லட்சம் கொக்கிகள் காலியா இருக்கு.

ரசாயன மாற்றம்னா இவ்ளோதான்: மரத்தை அப்படியே விட்டுட்டு, அந்தக் கொக்கிகளில் சிலவற்றில் எதையாவது மாட்டுறது. எதை மாட்டுறோம், எத்தனை மாட்டுறோம் என்பதைப் பொறுத்து அதே மரம் பசையாகலாம், பவுடராகலாம், மருந்தாகலாம்.

சாஸுக்குள் என்ன பிரச்சனை?

மாற்றம் எதுவும் செய்யாத ஸ்டார்ச்சையே சாஸில் போட்டால் என்ன ஆகும்? ஸ்டார்ச் செடிக்குள் சின்னச் சின்ன மணிகளாக, இறுக்கமாக அடுக்கி இருக்கும். தண்ணீரில் சூடாக்கினால் 60, 70 டிகிரி வாக்கில் அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதும். கஞ்சி கெட்டியாவது அப்போதுதான். இன்னும் கொதிக்க விட்டுக் கிண்டினால் ஊதிய மணிகள் வெடிக்கும், கிளைகள் வெளியே சிதறும், கஞ்சி நூல் மாதிரி இழுக்கும், பிறகு இளகிடும். புளிப்பு சேர்ந்தால் இன்னும் மோசம்; அமிலம் மாலைகளையே அறுத்துவிடும்.

சாஸ் ஆலையில் இது எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கும். தக்காளியின் புளிப்பு, வினிகர், கொதிநிலைச் சூடு, பம்ப் போட்டுக் கடைகிற வேகம். சாதாரண ஸ்டார்ச் இதில் தாங்காது. தாங்கினாலும் கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கணும். அவிழ்ந்த மாலைகள் நாளாக ஆக ஒன்றோடொன்று மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நடுவில் இருந்த தண்ணீர் வெளியே வந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைச்சுப் போறதும் இதே கதைதான். அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இதைச் செய்யும். அமைலோபெக்டின் மெதுவா, பல நாள் எடுத்துச் செய்யும்.

தையலும் இலையும்

1422-இல் செய்யும் முதல் மாற்றம் கிராஸ்லிங்க். அடிபிக் அமிலம் இரண்டு பக்கமும் கை உள்ள மூலக்கூறு. ஒரு கை ஒரு கிளையைப் பிடிக்கும், இன்னொரு கை பக்கத்துக் கிளையைப் பிடிக்கும். துணிக்குத் தையல் போட்ட மாதிரி. தையல் போட்ட மணி தண்ணீரைக் குடித்து ஊதும், ஆனால் வெடிக்காது. கொதிநிலையும் புளிப்பும் பம்ப்பும் சேர்ந்தாலும் கெட்டித்தன்மை நிற்கும். நூல் மாதிரி இழுக்காது.

இதுக்கு எத்தனை தையல் வேணும்? உணவு ஸ்டார்ச்சில் பொதுவாக 100 முதல் 3,000 குளுக்கோஸ் மணிகளுக்கு ஒன்று. 1,000-க்கு ஒன்றுன்னு வெச்சா, நம்ம 6 லட்சம் மணி மரத்தில் 600 தையல். எடையில் பார்த்தால் ஒண்ணுமே இல்லை. ஆனால் ஒரே மூலக்கூறை 600 இடத்தில் பிடித்து நிறுத்தினால் அது எப்படி ஓடும்? ஆயிரம் மணி நீளமுள்ள சின்ன நேர்மாலைக்கு இதே விகிதத்தில் ஒரே ஒரு தையல்தான் விழும். பெரிய, கிளைவிட்ட பாலிமரில் கையளவு ரசாயனம் இவ்வளவு வேலை செய்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இரண்டாவது மாற்றம் அசிட்டைல் குழு. வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தின் குடும்பம். இதுக்கு ஒரு கைதான். ஒரு கொக்கியில் மாட்டிக்கிட்டு இலை மாதிரி வெளியே நீட்டிக்கிட்டு நிற்கும். இலை இருந்தால் இரண்டு கிளைகள் ஒட்டி அடுக்க முடியாது. அதனால் தண்ணீர் உள்ளேயே தங்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் சாஸ் பிரியாது. உணவுக்கான வரம்பு, எடையில் 2.5 சதவீத அசிட்டைல். கணக்குப் போட்டால் பத்து மணிக்கு ஒரு இலை.

இதே அசிட்டைலை அளவில்லாமல் மாட்டினால்? மூன்று கொக்கிகளிலும் நிரப்பினால் அந்த ஸ்டார்ச் தண்ணீரில் கரையவே கரையாது, குளோரோஃபார்மில் கரையும். கிட்டத்தட்ட பிளாஸ்டிக். பத்துக்கு ஒண்ணு மாட்டினா சாஸ், பத்துக்கு முப்பது மாட்டினா பிளாஸ்டிக். மாட்டின பொருள் ஒண்ணுதான்.

ஃபார்வர்டுக்கான பதில் இங்கேயே சொல்லிடலாம். 2017-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாற்றிய ஸ்டார்ச்களை மறுபடி ஆராய்ந்து, உணவில் பயன்படுத்தும் அளவில் பாதுகாப்புப் பிரச்சனை இல்லைன்னு சொன்னது. நம்ம குடலில் இருக்கும் என்சைம்கள் மரத்தின் பெரும்பகுதியைச் சாதாரண ஸ்டார்ச் மாதிரியே வெட்டிடும். மீதி குடல் பாக்டீரியாவுக்குப் போகும் அல்லது வெளியே போகும். பயப்படணும்னா, அதே லேபிளில் 1422-க்கு ரெண்டு வார்த்தை முன்னாடி இருக்கிற சர்க்கரை எத்தனை கிராம்னு பாருங்க. கெமிக்கல் பேர் இல்லாததால அதை யாரும் ஃபார்வர்டு பண்றதில்லை.

அதே கெமிக்கல், வேற கதை

"அப்போ கெமிக்கல்னா பயமே வேண்டாமா?" இருங்க, சேலத்துக்கே திரும்பிப் போவோம்.

ஸ்டார்ச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட் சேர்த்தால் சில கொக்கிகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலக் குழுக்களாகும்; மாலைகள் சில இடங்களில் அறுந்து மரம் சின்னதாகும். கிடைக்கிற கூழ் நீர்த்து, தெளிவாக, காய்ந்தால் நல்ல படலமாக இருக்கும். காகிதத்துக்கு மேல்பூச்சாகவும், தறியில் ஏறும் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும் இது உதவும். எவ்வளவு சேர்க்கணும், எந்த பி.எச்.-இல், எப்போ நிறுத்தணும், எப்படிக் கழுவணும் என்பதெல்லாம் இதில் கண்டிப்பான விஷயம். உணவுக்கும் இதில் ஒரு வகை அனுமதி பெற்றிருக்கு, எண் 1404.

இன்னொரு பக்கம், ஜவ்வரிசி பளிச்சுன்னு வெள்ளையா இருந்தால்தான் வாங்குவாங்க என்பதற்காக, ஈர மாவில் பிளீச்சிங் ரசாயனங்களைக் கலந்ததாகச் சேலம் பகுதியில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போட்டுப் பறிமுதல் செய்த செய்திகள் பல வருடமாக வந்துக்கிட்டு இருக்கு. இங்கே யாருக்கும் பாலிமரின் பண்பை மாற்றும் நோக்கம் கிடையாது. அளவு, கழுவல், லேபிள் எதுவும் கிடையாது. நிறம் மட்டும்தான். நஷ்டம், சாப்பிடுறவங்களுக்கு மட்டும் இல்லை. இயற்கையான மங்கல் நிறத்தில் ஒழுங்கா ஜவ்வரிசி செய்கிற ஆலைக்கும், அந்த ஆலைக்குக் கிழங்கு போடுகிற விவசாயிக்கும்தான்.

பாட்டில் மேல எழுதியிருக்கிற ரசாயனத்தின் பேர் ரெண்டு இடத்திலும் ஒண்ணா இருக்கலாம். பேரை மட்டும் வைத்து நல்லதா கெட்டதான்னு முடிவு பண்ணினா, ஒண்ணு முதல் இடத்தில் தேவையில்லாம பயப்படுவோம், இல்லை இரண்டாவது இடத்தில் ஏமாந்து போவோம்.

"இயற்கை"ங்கிற சொல்லும் இதே மாதிரிதான். மரவள்ளிக் கிழங்கிலேயே சயனைடை வெளியிடும் லினமரின் என்ற பொருள் இயற்கையாவே இருக்கு. அரைத்துக் கழுவி, வேக வைத்து, காய வைப்பதால்தான் அது போகுது.

ரத்தத்துக்குள் போன மரம்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார வைத்த கதை இதுதான்.

ஒருத்தருக்கு நிறைய ரத்தம் போயிடுச்சுன்னு வைங்க. உடனே வெறும் சலைன் ஏற்றினால், அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி ரத்தக் குழாயில் நிற்காமல் திசுக்களுக்குள் கசிந்துவிடும். கூடவே பெரிய மூலக்கூறு ஒன்று இருந்தால் அது குழாய்க்குள்ளேயே தங்கி, தண்ணீரையும் பிடித்து வைக்கும். விலை மலிவான, கிளைவிட்ட, தண்ணீரைப் பிடிக்கிற பெரிய மூலக்கூறு எது? அமைலோபெக்டின்.

ஆனால் ரத்தத்தில் அமைலேஸ் என்சைம் இருக்கு. சாதாரண ஸ்டார்ச்சை அது சீக்கிரமே வெட்டித் தள்ளிடும். அதனால் அதிலும் இலை மாட்டினாங்க. எத்திலீன் ஆக்சைடைக் கொண்டு ஹைட்ராக்சிஎத்தில் குழுக்களைக் கொக்கிகளில் மாட்டினால், என்சைமின் வாயில் அந்தக் கிளை சரியா உட்காராது, வெட்டுவது மெதுவாகும். இப்படி வந்ததுதான் ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச். சுருக்கமா ஹெச்.இ.எஸ்.

இதன் பெயரிலேயே ரெண்டு எண் இருக்கும். முதல் எண் மூலக்கூறின் சராசரி எடை ஆயிரங்களில். இரண்டாவது, ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை இலை. 1970-களில் அமெரிக்காவில் வந்தது 450/0.7. பெரிய மரம், நிறைய இலை. ரத்தத்தில் ரொம்ப நேரம் நிற்கும். ஆனால் ரத்தம் உறைவதில் பிரச்சனை, உடம்பில் தேங்குவது என்று புகார்கள் வந்தன. அடுத்த தலைமுறை 200/0.5. அதற்கடுத்தது 130/0.4. மரம் சின்னது, இலை குறைவு, ஆனால் இலைகள் என்சைமை நல்லாத் தடுக்கிற இடமான இரண்டாம் கார்பனில் அதிகம். ரெண்டு குமிழைத் திருகித் திருகிப் பண்பை அமைக்கிறது: பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்ளோ அழகான இன்ஜினியரிங்.

2012-ல் இரண்டு பெரிய மருத்துவச் சோதனைகளின் முடிவுகள் வெளியாயின. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த '6எஸ்' சோதனையில், கடுமையான செப்சிஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இந்தக் கடைசித் தலைமுறை ஹெச்.இ.எஸ்., மற்றவர்களுக்குச் சாதாரண ரிங்கர்ஸ் அசிட்டேட் உப்புக் கரைசல். 90 நாள் கழித்து, ஹெச்.இ.எஸ். பெற்ற 398 பேரில் 201 பேர் இறந்திருந்தார்கள். உப்புக் கரைசல் பெற்ற 400 பேரில் 172 பேர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சுமார் 7,000 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த 'செஸ்ட்' சோதனையில் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் டயாலிசிஸ் மாதிரியான சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 5.8 சதவீதத்துக்குப் பதில் 7 சதவீதம்.

எந்த இலை அமைலேஸைத் தடுத்ததோ, அதே இலைதான் உடம்பு அந்த மரத்தை முழுசா அப்புறப்படுத்துவதையும் தடுத்தது. வெட்டுப்படாத பகுதி சிறுநீரகம், தோல், கல்லீரல் திசுக்களில் போய்த் தங்கிடும். 2013-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கட்டம் கட்டிய எச்சரிக்கை கொடுத்தது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த மருந்தின் விற்பனை அனுமதியையே நிறுத்தி வைத்தது.

கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. சாஸில் 1442 எண்ணில் வருவது ஹைட்ராக்சிபுரோப்பில் குழு மாட்டிய ஸ்டார்ச். ஹைட்ராக்சிஎத்திலுக்குக் கூடப்பிறந்த அண்ணன்னே சொல்லலாம். ஒரு கார்பன்தான் அதிகம். அது வாய் வழியா, கொஞ்சமா, குடலுக்குள் போகுது. உடைபடாதது குடல் வழியாவே வெளியே போக வழி இருக்கு. இது லிட்டருக்கு 60 கிராம் கரைத்த திரவமா, நேரா ரத்தத்துக்குள் போகுது. அங்கே வெளியேறும் வாசல் சிறுநீரகம். அதுவோ ஏற்கெனவே நோயில் திணறிக்கிட்டு இருக்கு. மரம் ஒரே வகை, இலையும் ஏறக்குறைய ஒரே வகை. போன இடம்தான் வேற.

மூணு கேள்வி

அதனால "கெமிக்கல் இருக்கா?"ங்கிற கேள்வியைத் தூக்கி ஓரமா வைங்க. எல்லாத்துலயும் இருக்கு. பதிலா மூணு கேட்கலாம். என்ன மாட்டியிருக்கு? எவ்வளவு மாட்டியிருக்கு? எங்கே போகுது? முதல் இரண்டுக்கும் லேபிளும் பாடப்புத்தகமும் பதில் சொல்லும். மூணாவது கேள்விதான் நமக்கு வகுப்பில் குறைவா வருது. பாலிமர் பேப்பரில் "பண்புகளை விவரி"ன்னு 16 மார்க் வரும்; அது யார் உடம்புக்குள், எந்த ஆற்றுக்குள் போய்ச் சேரும்னு 2 மார்க்குக்குக்கூட வராது. ஹெச்.இ.எஸ்.-இல் குமிழைத் திருகினவங்க திறமைசாலிகள்தான். ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கும்னு அளந்தாங்க. நோயாளி 90 நாள் கழிச்சு உயிரோட இருக்காரான்னு பெரிய அளவில் அளந்து பார்க்க, முதல் பாட்டில் சந்தைக்கு வந்து நாற்பது வருஷம் ஆச்சு. நம்மில் சில பேர் இன்னும் சில மாதத்தில் இந்த மாதிரிக் குமிழ் இருக்கிற பிளான்ட்டில், லேபில் வேலைக்குப் போகப் போறோம்.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். லீவுக்கு வீட்டுக்குப் போனா கார்ன்ஃப்ளவரோ மரவள்ளி மாவோ ரெண்டு ஸ்பூன் எடுத்து, சம அளவு தண்ணீர் விட்டு, ரெண்டு பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சுங்க. ஒன்றில் மட்டும் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, ரெண்டையும் இன்னும் பத்து நிமிஷம் கிண்டிக் கொதிக்க விடுங்க. எது இளகுதுன்னு பாருங்க. மீதியை ஃபிரிட்ஜில் வைத்து ரெண்டு நாள் கழிச்சு மேலே தண்ணீர் பிரிஞ்சிருக்கான்னும் பாருங்க. பக்கத்தில் நின்னு "என்ன பண்றே?"ன்னு வீட்டில் யாராவது கேட்டா, 1422-ஐப் பத்திச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.